முதுகுத் தையல்

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நேற்றுப் போட்ட துணி கொடியில் அப்படியே ஈரமாக. இவர் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். அதிலும் பாதி துண்டில்.

மத்தியானம் மாத்திரை கொடுக்கும்போது, "ரெஜி, அந்தக் கோட்டை எடுத்து வெளிய வையிம்மா" என்றார். எந்தக் கோட்டு என்று கேட்டேன். வீட்டில் இருப்பதே ஒரு கோட்டு, தெரிந்துதான் கேட்டேன். நவம்பர் பன்னிரண்டு எங்கள் கல்யாண நாள், இந்தத் தடவை வெள்ளி விழா. பாஸ்டரைக் கூப்பிட்டு வீட்டிலேயே ஒரு ஜெபம் வைக்கலாம், கோட்டு போட்டு ஒரு போட்டோ எடுக்கலாம் என்கிறார்.

இனி இங்கே வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நுரையீரலில் ஆரம்பித்தது, இடது தோள் எலும்புக்கு வந்தாயிற்று. அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. எங்கள் சபையில் ஆண்களைப் பெட்டிக்குள் வைக்கும்போது கல்யாணக் கோட்டைத்தான் போடுவார்கள். அவர் போட்டோ என்று சொன்னார். எனக்கு மற்றதுதான் காதில் விழுந்தது.

பீரோ மேல்தட்டு. பட்டுப்புடவைக்குச் செய்கிற மாதிரியே வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்ததும் ஈரச் சாக்கு நாற்றம். கருநீலக் கோட்டு. காலரில், அக்குளில், முதுகு முழுக்க, வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம்.

வேட்டியை மறுபடி மூடிவிட்டேன். எடுத்தாயா என்று உள்ளேயிருந்து கேட்டார். எடுத்தாச்சு, நல்லா இருக்குது என்றேன்.

அக். 15, புதன்

காலை கொஞ்ச நேரம் வெயில் மாதிரி ஒன்று. லீவு சொல்லிவிட்டேன். கோட்டை மொட்டை மாடிக்குக் கொண்டு போனேன். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூசு அவர் மூச்சுக்குத்தான் போகும். வாயில் துணி கட்டிக்கொண்டு மகள் கிரேஸின் பழைய பவுடர் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன். தட்டத் தட்ட வந்துகொண்டே இருக்கிறது.

வாங்க வேண்டியது:
– வினிகர்
– அடுப்புக்கரி (கேஸ் வந்த பிறகு கரிக்கு எங்கே போக)
– ஷூ டப்பாவில் போடும், ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலம், எத்தனை கிடைத்தாலும்
– வேப்பிலை, நிழலில் காய வைக்க. நிழல் இருக்கிறது, காய்வதுதான் இல்லை
– அவருக்கு: ஸ்ட்ரா, டயப்பர், தேன்

வேலை முடிவதற்குள் மாடியில் தூறல் பிடித்துக்கொண்டது. கோட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு ஓடிவந்தேன். படியில் எதிர்வீட்டுப் பத்மாக்கா பார்த்து, யாருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்.

அக். 16, வியாழன்

பட்டுக் கடைக்கு, வேலைக்குப் போனேன். காந்தி ரோடு முழுக்கத் தீபாவளிக் கூட்டம், கார் நிறுத்த இடமில்லை. நான் கடையில் இருக்கும் நேரம் பத்மாக்காதான் இவரைப் பார்த்துக்கொள்கிறார். அவர்கள் வீட்டில் தறி. மழைக்குப் பாவு நூல் ஈரமாகி, தறி நிற்கிறது. அதனால் வந்து உட்கார முடிகிறது.

தென்னேரியிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி. முகூர்த்தப் புடவை எடுத்ததும் பெண்ணின் அம்மா, எப்படிம்மா பத்திரப்படுத்துறது என்று கேட்டார். வழக்கமாக நான் ஒப்பிப்பதுதான். ஹேங்கரில் மாட்டாதீங்க, ஜரிகை இழுத்துக்கும். வெள்ளை வேட்டியில சுத்துங்க. அப்பப்போ எடுத்து மடிப்பு மாத்துங்க. பாச்சா உருண்டை மேல படக் கூடாது. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். இன்று பாதியில் நின்றுவிட்டது. அந்த அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு, அப்புறம்? என்றார். அப்புறம் ஒன்றுமில்லைங்க என்றேன். சூப்பர்வைசர் முறைத்தார்.

இத்தனையும் அந்தக் கோட்டுக்குச் செய்தேன். வருசம் தவறாமல் மடிப்பு மாற்றினேன்.

அக். 17, வெள்ளி

பெட்ரோல் வாஷ் கடையில் வாங்கவே மாட்டேன் என்றான். பூசணம் பிடித்த கம்பளித் துணியை மற்ற துணியோடு போட முடியாதாம். கேரண்டி இல்லை, எழுதிக் கொடுத்தால் கூட வேண்டாம் என்றான். வந்த கோபத்துக்கு அவன் மேஜையில் பூசணத்தைத் தட்டிவிட்டு வந்திருக்கணும்.

பிறகு ரஹ்மத் பாய் கடை. இந்தக் கோட்டைத் தைத்தது அவருடைய அண்ணன், அவர் இப்போது இல்லை. பாய் கோட்டை மேஜையில் விரித்து நெஞ்சுப் பக்கத்தை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"உள்ள விறைப்புக்கு வெச்ச கேன்வாஸ் உடைஞ்சிருக்குது. மடிச்சா வெச்சிருந்தீங்க?"

ஆமாம், வேட்டியில் சுற்றி, மடிப்பு மாற்றி மாற்றி, என்று பெருமையாகவே சொன்னேன்.

"பட்டுப்பொடவையாம்மா இது? கோட்டு தோள்ல தொங்கணும், ஆள் நிக்குற மாதிரி. நீங்க ஒவ்வொரு தபாவும் மடிப்பு மாத்தி ஒவ்வொரு இடமா உடைச்சிருக்கீங்க."

நான் விடவில்லை. பாலித்தீன் கவரில் போடவில்லை, பாச்சா உருண்டை மேலே படவிடவில்லை, எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று வாதாடினேன். அவரும் இல்லை என்று சொல்லவில்லை. இந்த ஊரில் கோட்டு கொண்டு வருகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்களாம், எல்லோரும் பட்டு வைத்துப் பழகிய கையாம்.

ஆளைக் கூட்டி வாருங்கள், தோள் அளவு பார்க்கணும் என்றார். வர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கோட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "முன்பக்கம் மட்டும் சுத்தம் பண்ணித் தரேம்மா. முதுகுக்குச் செலவு வேணாம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கை வெறைச்சிக்கும்ல. மாட்ட முடியாது. முதுகுல நீளமா வெட்டிப் பிரிச்சு, முன்னாடியிலேருந்துதான் போடுவாங்க. யாருக்கும் தெரியாது, படுத்துக்கினு இருப்பாங்க."

கோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டேன். நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், கோட்டை மட்டும் பையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

என் அப்பாவும் கோட்டோடுதான் கிடந்தார். குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். முதுகை யார் பார்த்தது. பூச்சி அரிக்காமல், எலி கடிக்காமல் இத்தனை வருசம் நான் காபந்து பண்ணியது ஒரு கத்தரிக்கோலுக்குத்தானா?

அக். 20, திங்கள்

தீபாவளி. மழை விட்டு விட்டு. தெருவெல்லாம் பட்டாசுப் புகை. அவருக்கு ஆகாது என்று ஜன்னல் எல்லாம் சாத்தி, ஓரத்தில் ஈரத்துண்டு வைத்து அடைத்தேன். வீட்டுக்குள் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போலப் புழுக்கம். சுவர் வியர்க்கிறது. கோட்டும் வியர்க்கும்.

பத்மாக்கா அதிரசம் கொண்டு வந்தார். கோட்டைப் பார்த்துவிட்டு, பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிடச் சொன்னார். மழை நாளில் தறிக்குழிக்குள் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம், பாவு பூசணம் பிடிக்காமல் இருக்க. அவர் பையனே வந்து ஒயர் இழுத்துக் கொடுத்தான். துணியெல்லாம் கீழ்த்தட்டில் திணித்துவிட்டு மேலே கோட்டை மட்டும் மாட்டினேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் மஞ்சள் வெளிச்சம் கட்டில் வரை வருகிறது.

இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோட்டுக்கு ஐசியூ. எனக்குக் கிடைக்காதது அதுக்குக் கிடைச்சிருக்குது" என்றார். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து வெகு நேரம் நிற்கவில்லை. நானும் சிரித்துவிட்டு, துப்பியதைத் துடைத்தேன். கொஞ்சம் சிவப்பு.

வினிகர் தடவிய இடம் தேவலை. காலர் தேறிவிட்டது.

அக். 21, செவ்வாய்

மழை. கடை இல்லை. காலர், பரவாயில்லை. வலது கை, பரவாயில்லை. முதுகு, பாதி. இவர்: வலி மாத்திரை ஒன்று அதிகம். சளி. தூக்கம் இல்லை.

கோட்டைப் பற்றியும் அவரைப் பற்றியும் ஒரே மாதிரி எழுதுகிறேன். இப்போதுதான் கவனித்தேன்.

அக். 23, வியாழன்

விடாத மழை. ஓரிக்கைப் பக்கம் மரம் விழுந்து நேற்றுக் காலை போன கரண்ட் இன்று மாலைதான் வந்தது. பல்பு எரியவில்லை. பீரோவைத் திறந்தால் அக்குளில் மறுபடியும் பூசணம். நான் சுத்தமாக எடுத்த இடத்திலேயே. கையைக் கொடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

பீரோ கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். சத்தம் வராமல் அழ இப்போது நன்றாகப் பழகிவிட்டது. முடியவில்லை. எதுவும் என் கையில் நிற்கவில்லை. மருந்தும் நிற்கவில்லை, வெயிலும் இல்லை, இந்தத் துணி கூட என் பேச்சைக் கேட்கவில்லை. ஜெபத்தில் என்ன கேட்பது என்று கூட இப்போது தெரிவதில்லை. இன்று கேட்டது இரண்டு நாள் வெயில். அதுவும் கிடைக்காது என்று தெரிந்துதான் கேட்டேன்.

இவர் கூப்பிட்டார். என்னா சத்தம் என்றார். எலி என்றேன்.

அக். 26, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. கிரேஸுக்கு இன்று ஷிப்ட் இல்லை, ஒரகடம் கம்பெனி பஸ் சத்தம் கேட்காத ஒரு நாள். என் கோலத்தைப் பார்த்துவிட்டு அவள் சமையலறையில் மெதுவாகச் சொன்னாள்: "ரிசப்ஷனுக்கு வாடகைக்குக் குடுப்பாங்கம்மா, ப்ளேசர், புதுசு மாதிரி இருக்கும். அப்பா சைஸுக்கு ஸ்மால் எடுத்துக்கலாம்." இவர் ஒரு காலத்தில் அந்தக் கோட்டின் பட்டனைப் போட வயிற்றை உள்ளே இழுப்பார்.

மெதுவாகப் பேசியும் அவருக்குக் கேட்டுவிட்டது. காது மட்டும் குறையவே இல்லை. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

கோட்டு தைத்த கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மாகறலில் அவர் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. அந்த ஊரில் எங்கள் ஜனத்தில் அளவெடுத்துக் கோட்டு தைத்த முதல் ஆள் இவர்தான். தைத்து வாங்கிய அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, பின்பக்கச் சந்தில் போகாமல் பெரிய தெரு வழியாகவே காலனிக்கு நடந்திருக்கிறார். புழுங்கும் வெயிலில் பட்டனைக் கூடக் கழற்றாமல். இன்று ஒரே ஒரு வரி புதிதாகச் சொன்னார்.

"தெருமுனைல சிலை கூடக் கோட்டு போட்டுக்கினுதான் நிக்குது. ஆனா கூண்டுக்குள்ள நிக்குது. நான் வெளிய நடந்தேன்மா."

வாடகை வேண்டாம் என்று கிரேஸே சொல்லிவிட்டாள். முகம் கழுவப் போனவள் நெடுநேரம் வரவில்லை.

நவ. 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். இவர் அம்மா அப்பா கல்லறைக்கு நான் மட்டும் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போனேன். உள்ளே கணுக்கால் வரை சேறு. மெழுகுவர்த்தி நிற்கவில்லை. சுண்ணாம்பு அடித்தவர்கள் அடித்தது அத்தனையும் மழையில் கரைந்து ஓடுகிறது.

வரிசைக் கடைசியில் காலி இடம். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன், பார்த்தேன். தண்ணீர் தேங்கி நிற்கிறது. இங்கே பல்பு எங்கே மாட்டுவது என்று ஒரு யோசனை வந்தது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது போலிருக்கிறது. பூவை வைத்துவிட்டு, ஜெபம் பண்ணாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்று கேட்டார். ஜனமே இல்லை, மழை என்றேன்.

நவ. 5, புதன்

காலை வெயில், நிஜமான வெயில். மாடியில் நிழலில் கோட்டை மாட்டி, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன்.

அவர் தூங்கும்போது டேப் வைத்து அளவெடுத்தேன். நெஞ்சு, தோள், கை. டேப்பில் வந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு ரஹ்மத் பாய் கடைக்கே போனேன். வேறு எங்கே போவது. என் குடையை மடித்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அன்றைக்குப் பேசியதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கோட்டை மேஜையில் வைத்தேன். முதுகு மேலே இருக்கும்படி வைத்தேன்.

"உயிரோட போடப் போறாரு பாய். பன்னெண்டாம் தேதி, கல்யாண நாள். உக்காந்துக்கினு போடப் போறாரு. எனக்கு முதுகும் வேணும்."

அவர் கோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கேன்வாஸ் மாற்றணும், லைனிங் அக்குளில் போய்விட்டது, முதுகுத் தையல் இற்றுப்போயிருக்கிறது, புதிதாகப் போடணும் என்றார். போடுங்கள் என்றேன். அளவுச் சீட்டைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த அளவுக்குப் பிடித்தால் கொஞ்சம் இறுக்கமாகிவிடும், தளர்வாகவே விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தொளதொளவென்று இருந்தால் இளைத்தது அவருக்கே தெரிந்துவிடும், அளவாகப் பிடியுங்கள் என்றேன்.

பாய் தலையை ஆட்டினார்.

நவ. 8, சனி

இடது கையைத் தூக்க முடியவில்லை. சட்டை போடவே இல்லை, துண்டு மட்டும். திரும்பிப் படுக்கவைக்கும்போது வாயில் துணியைக் கடித்துக்கொள்கிறார். தண்ணீர் ஸ்பூனில். பத்மாக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பன்னிரண்டு வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஜெபம் வைத்துவிடு என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் வந்தது. நாளைக்குக் கோட்டு இல்லையே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை.

நவ. 10, திங்கள்

கோட்டு வந்துவிட்டது. பாயே ஆளிடம் கொடுத்தனுப்பினார், அகலமான மரஹேங்கரில் மாட்டி. ஹேங்கரைத் திருப்பித் தர வேண்டாமாம்.

நம்பவே முடியவில்லை. நெஞ்சு விறைப்பாக நிற்கிறது. காலர் கழுத்தில் ஒட்டி உட்காருகிறது. முதுகில் நடுத்தையல் ஒரு நூல் பிசகாமல் மேலிருந்து கீழே. கையால் தடவிப் பார்த்தேன். பூசணம் இருந்த இடமே தெரியவில்லை. வாசனை கூட இல்லை, இஸ்திரிச் சூடு வாசனை மட்டும்.

கட்டிலுக்கு எதிரே ஆணியில் மாட்டினேன். இவர் நெடுநேரம் பார்த்தார். "அப்படியே வெச்சிருக்கியே ரெஜி" என்றார். இத்தனை நாளில் இன்று ஒரு நாள் நான் சந்தோசமாக இருந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

நவ. 12, புதன்

மூட்டம், மழை இல்லை.

காலை உடம்பு துடைத்து, சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டையைப் பின்பக்கம் வெட்டித்தான் போட்டேன். சட்டை பழையது, அதனால் யோசிக்கவில்லை. கிரேஸ் பிடித்துக்கொள்ள, கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தோம். பிறகு கோட்டு. வலது கை உள்ளே போய்விட்டது. இடது கையைப் பின்னால் கொண்டுபோனதும் ஒரு சத்தம் போட்டார். அந்த மாதிரிச் சத்தத்தை இதுவரை அவரிடம் கேட்டதில்லை. எதிர்வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. கோட்டின் அளவு கச்சிதம். நான் கேட்டு வாங்கிய கச்சிதம். ஒரு விரல் கூட நுழையாது.

மறுபடி ஒரு தடவை முயற்சி செய்தோம். வேண்டாம் என்றார், கெஞ்சுகிற மாதிரி. எடுத்துவிட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணோரத்தில் ஓடியது. துடைக்கக் கூட அவருக்குக் கை வரவில்லை.

பாஸ்டர் வரும் நேரம் நெருங்கிவிட்டது.

கோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கிரேஸ் பின்னாலேயே வந்து என் கையில் கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு, "அம்மா, வேணாம்மா" என்றாள். அவளை வெளியே போய் அப்பா பக்கத்தில் இருக்கச் சொன்னேன். மாவு டப்பா மேல் கோட்டைக் கவிழ்த்துப் போட்டேன். பாய் போட்ட முதுகுத் தையல். கீழிருந்து ஆரம்பித்தேன். நல்ல தையல், லேசில் விடவில்லை. லைனிங் வந்தது, கழுத்துக் கிட்டே கேன்வாஸ் தடித்து நின்றது, அதையும் வெட்டினேன்.

திரும்ப வந்து, பாய் கொஞ்சம் லூஸ் பண்ணித் தந்திருக்கார், ஆள் அனுப்பினேன் என்று சொன்னேன். அதற்குள் எப்படி ஆள் போய் வந்தது என்று அவர் கேட்கவில்லை. முன்பக்கத்திலிருந்து, கையைத் தூக்காமலே, இடது கை முதலில், பிறகு வலது கை. சட்டை மாதிரி நுழைந்துவிட்டது. பட்டன் போட்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து அவர் பின்னால் நின்று, முதுகில் இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஊக்கு குத்தினால் எலும்பில் படும்.

கிரேஸ் கண்ணாடி காட்டினாள். அவர் பார்த்தார். தோளை லேசாக அசைத்துக்கூடப் பார்த்தார்.

"பாத்தியா. லூஸ் பண்ணினாத்தான் சரியா இருக்குது. நான் ஒண்ணும் அவ்ளோ எளைச்சுடல."

ஆமாங்க என்றேன். அவருக்கு என் முகம் தெரியாத இடத்தில் நான் நின்றேன், அது ஒன்றுதான் தேவனுடைய கிருபை.

பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். சுருக்கமாகத்தான் பண்ணினார். பத்மாக்காவும் வந்து கைகூப்பி நின்றார். போட்டோவுக்கு என்னைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்கள். கல்யாணப் போட்டோவில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். நான் வரவில்லை, இப்படியே நிற்கிறேன் என்றேன். பாஸ்டர் ஏதோ வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார். கிரேஸ் மட்டும் சிரிக்காமல் எடுத்தாள். போட்டோவில் இவர் நேராக, கோட்டும் காலருமாக, கல்யாணத்தில் இருந்த அதே முறைப்போடு. பின்னால் நான். என் கைகள் தெரியவில்லை.

எடுத்து முடித்ததும், "முதுகுல சில்லுனு இருக்குது ரெஜி" என்றார்.

ஃபேன் காத்துங்க என்றேன். ஃபேன் ஓடவில்லை. அவர் மேலே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்திடு அப்போ, என்றார்.

நவ. 13, வியாழன்

மறுபடியும் மழை. கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் விரல் மட்டும் அசைகிறது. பாஸ்டருக்குக் கிரேஸ் போன் பண்ணியிருக்கிறாள். பத்மாக்கா வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கோட்டை மரஹேங்கரில் போட்டு, முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி மாட்டினேன். பீரோ பல்பை அணைத்துவிட்டேன். பிரித்த முதுகைத் தைக்கலாம் என்று ஊசி எடுத்து, கருநீல நூல் தேடி, கோர்த்தும் விட்டேன். பாய் மாதிரி வராது, ஆனாலும் வரும்.

கோர்த்த ஊசியை அப்படியே என் தலையணை உறையில் குத்தி வைத்துவிட்டேன். தைத்தால் மறுபடி வெட்டணும்.